முந்திரிக்கொத்துக்கு அடியில் மாத்திரை

போன வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, குமரிக் கடற்கரையில் இனயம் ஊரில் எங்கள் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வளைகுடா நாடு ஒன்றில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஒருத்தி விமானம் ஏறப்போகிறாள் என்றால் போதும், தெருவே பொட்டலத்தோடு வந்துவிடும். அங்கே இருக்கும் மகனுக்குக் கருவாடு, மருமகனுக்கு ஊறுகாய். முடியாது என்று சொல்லவும் கூடாது, பிரித்துப் பார்க்கவும் கூடாது. பிரித்தால் அவர்களைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தகர டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். அவள் கணவர் நான் இருக்கும் நகரத்தில்தான் எலக்ட்ரீஷியன். பெட்டியை நிறுத்துப் பார்த்தால் எடை கூடுதல். டப்பாவின் கனமாவது குறையட்டும் என்று பலகாரத்தை பிளாஸ்டிக் கவருக்கு மாற்றினேன். அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே மாத்திரை அட்டைகள்!

அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். மூளையைத் தூண்டும் வகை மருந்து அது. நான் வேலை பார்க்கும் நாட்டில் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பது. அனுமதி இல்லாமல், அதுவும் இன்னொருவருக்காகக் கொண்டுபோய் விமான நிலையத்தில் மாட்டினால் போதைப்பொருள் வழக்குதான். அட்டைகளை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

“ஏட்டி, என்னை ஜெயிலுக்கு அனுப்பவா நினைச்ச? எனக்க பிள்ளைய நீயா வளப்ப?”

அவள் மிரண்டுபோனாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. “டாக்டர் எழுதித் தந்த மருந்துதான அக்கா? அதுல என்ன குத்தம்?” என்றாள். குற்றமில்லை என்றால் எதற்கு ஒளித்து வைத்தாய் என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, “பைத்தியத்துக்க மாத்திரைன்னு நினைச்சிருவியளோன்னுதான்” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கணவர் எதையும் தொடங்குவார், முடிக்க மாட்டார். மறதி, பதற்றம், கம்பெனி கம்பெனியாக மாறுவது. போன விடுப்பில் நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டியபோது அது ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு, சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நர்ஸாக இருந்தும், அது பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றே நான் நினைத்திருந்தேன்.

மாத்திரை அவருக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. திரும்பிப் போகும்போது, அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்து முறைப்படி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மனுஷன் போகவே இல்லை. மருந்து நின்றது. நான் பெட்டி கட்டியதற்கு முந்தின வாரம்தான் மெயின் சுவிட்சை அணைக்காமலேயே வயரில் கை வைக்கப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் பிடித்து இழுத்ததால் உயிர் பிழைத்தார்.

“கலியாணம் கழிஞ்சு இத்தன வருசத்துல, அந்த மாத்திரை குடிச்சப்பதான் அக்கா, நான் சொல்லுயத கடைசி வரைக்கும் இருந்து கேட்டாரு.”

அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அழுகை வந்தது. ஆனாலும் மாத்திரையை அவளிடமே கொடுத்துவிட்டேன். அங்கிருந்தபடியே அவள் போனில் அவரிடம் பேசினேன். டாக்டரைப் பார்க்கும்வரை கரண்டு வேலையைத் தொடக் கூடாது, மேற்பார்வையாளரிடம் உடம்பு சரியில்லை என்றாவது சொல்லிவிட வேண்டும் என்றேன். அவர், “நீங்க கூட வருவியளா?” என்று மட்டும் கேட்டார்.

போனேன். நான் அங்கே திரும்பிய பிறகு இருவரும் போன ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் அவர் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில் டாக்டரின் மருந்துச் சீட்டைப் பார்த்தார்கள், மறுபடியும் முழுதாகப் பரிசோதித்தார்கள். சில வாரம் கழித்து அதே மருந்தை அந்த நாட்டுச் சட்டப்படியே எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதே வேலையில் இருக்கிறார்.

சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் பெயர் சொல்லிக் கையில் தரும் எங்கள் ஊரில், இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் ஏன் அவ்வளவு வெட்கம் என்று அடிக்கடி யோசிக்கிறேன். அந்த வெட்கம் என்னை ஜெயிலிலும் அவரைச் சவப்பெட்டியிலும் கொண்டுவிட்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.