மஞ்சள் தடவிய ஃபாரம்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் காய்கறிப் பாசாரில் ஒரு வாசகி என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் முருங்கைக்காய், இன்னொரு கையில் என் முழங்கை.

"அக்கா, என் மவ சட்டம் படிக்கணுங்கிறா. என்ட்ரன்ஸ் எக்ஸாமுக்கு எப்படித் தயார் பண்றது... உங்க பத்தியில எழுதுங்களேன்!"

என்னைப் போய்க் கேட்டால்? சரி, எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். எதைச் செய்யக்கூடாது என்றாவது தெரிந்துகொள்ளட்டும்.

என் கணவர் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. ப்ரமோஷன் இரண்டு தடவை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. வக்கீலாகியே காட்டுகிறேன் என்று நாற்பத்து நாலு வயதில் கிளம்பிவிட்டார். பகுதி நேரமாகச் சட்டம் சொல்லித்தரும் அந்தக் காலேஜில் நாற்பத்தைந்து ஆனால் சேர்க்க மாட்டார்கள். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

புத்தகத்தைப் பிரித்துப் படிப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வக்கீலுக்கு வாய்தான் மூலதனம் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டான். வீடு கோர்ட்டாகிவிட்டது. ரசத்தில் புளி போட்டது யார், எத்தனை மணிக்கு, பார்த்த சாட்சி உண்டா? மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் பாயைக்கூட விடவில்லை.

"நேத்து குடுத்த பன் பழசுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு!"

பாய் இப்போது எங்கள் தெருவுக்கே வருவதில்லை.

நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. ஃபாரத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் முன்னால் வைத்தேன். நாம் வேறென்ன செய்வோம்? மஞ்சள் கொஞ்சம் தண்ணீராகிவிட்டது. மூலையோடு நிற்காமல் ஓடி, பிறந்த தேதியை நனைத்து, போட்டோவில் ஏறி... இவர் காமாலைக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் ஒரு தமிழ்ப் பெண். ஃபாரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"ஆன்டி, இப்படி அழுக்கா இருந்தா வாங்க மாட்டோம்லா. வேற ஃபாரமும் முடிஞ்சிருச்சு."

இவரைப் பார்த்தேன். ஒரு மாதமாக ஊரையே கூண்டில் ஏற்றிய மனுஷன்! "பரவாயில்லம்மா, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நில்லுங்க!" என்றேன். "ஏம்மா, ரூல்ஸ்ல என்ன போட்டிருக்கு? வாசி."

"படிக்க முடியாத ஃபாரம் ரிஜெக்ட்..."

"இதுல பேர் என்ன? பிறந்த தேதி? அட்ரஸ்?"

கடகடவென்று வாசித்தாள்.

"படிச்சிட்டியே! அப்புறம் என்ன?"

"ஆனா போட்டோல அங்கிள் மஞ்சளா..."

"உனக்கு வேலைக் கடுதாசி வந்தப்ப உங்கம்மா மஞ்சள் வைக்கல?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். "குங்குமமும் வெச்சாங்க ஆன்டி" என்று சொல்லி, டொக்கென்று முத்திரையைக் குத்தினாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நன்றி சொல்லத் தயங்குகிறார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தொண்டையைச் செருமினார்.

"ராணி, உங்கம்மா மஞ்சள் வைக்கலையான்னு நீ கேட்டது தப்பு. பதிலையும் கேள்விக்குள்ளயே வெச்சுக் கேக்குறே. அதுக்குப் பேரு லீடிங் கொஸ்டின். கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

நன்றியா? மூச்!

வீட்டுக்கு வந்ததும், அவர் வாங்கிப் போட்டு ஒரு பக்கம்கூடப் புரட்டாத தேர்வு கைடைத் திறந்தேன். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் அப்படிக் கேட்கலாமாம்! எனக்கே ஆச்சரியம். அடுத்த பக்கத்தையும் புரட்டினேன்... அதற்கு அடுத்ததையும்.

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எழுதப்போவது அவர் – படித்துக்கொண்டிருப்பது நான்!