சூரியனின் இடுப்பளவு

சூரியனின் இடுப்பளவு எடுப்பதும் ஒரு தொழில்தான். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். "என்ன வேலை?" என்று கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடியாமல் விழிப்பவரா நீங்கள்? அப்படியானால் நம் இருவர் கஷ்டமும் ஒன்றுதான்.

2004 முதல் 2006 வரை சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சூரியன் சுழல்வதால் நடுவில் துளி பருத்திருக்கும். எவ்வளவு என்று விண்கலம் அனுப்பும் படங்களில் அளக்க வேண்டும். சனிக்கிழமை மரக்காணம் பஸ் ஏறிவிடுவேன். அங்கே அப்பா குத்தகைக்கு உப்பளம் வைத்திருந்தார். "பேர் சொல்ற மாதிரி ஏதாச்சும் கண்டுபுடி, மேல படிக்க வைக்கிறேன். இல்லன்னா கல்யாணம்" என்று சொல்லியிருந்தார்.

நசுங்கின சூரியன்

அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா, "விடிகாலையில கடல்மேல பாரு, நசுங்கித்தான் இருக்குது. இதுக்கு எதுக்கு ராக்கெட்டு?" என்றார். அது காற்று செய்யும் வேலை, அதனால்தான் காற்றுக்கு மேலே போய் அளக்கிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நாங்க தெனம் பார்க்குறது பொய்யி, நீ பொட்டியில பார்க்குறது நெசம். சரி, சட்டியப் புடி."

பெண் பார்த்த கதை

இடையஞ்சாவடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சூரியனை அளக்கிறேன் என்றதும் மாப்பிள்ளையின் அம்மா பதறிவிட்டார். "வெயில்ல நிக்கணுமா?" இல்லை, ஏசி அறைதான் என்றேன். அதில் இன்னும் முகம் சுருங்கியது. "ஏசியில உக்காந்து வெயில ஆராயுற பொண்ணு, எங்க முந்திரித் தோப்புக்கு வருமாங்க?" அன்று மிஞ்சிய கேசரி முழுவதையும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கூடுதல் பருமன்

ஒருநாள் கணக்கில் சூரியன் எதிர்பார்த்ததைவிடப் பருத்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் லட்டு கொடுத்தார்கள். அப்பா உப்பளம் முழுக்கச் சொல்லி, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குப் படிப்பு உறுதி.

பிறகுதான் கவனித்தேன். விளிம்பில் சில இடங்கள் கூடுதலாகப் பளபளத்தன. அந்த ஒளியையும் உடம்பாகச் சேர்த்து அளந்திருந்தோம். கழித்ததும் கூடுதல் பருமன் காணாமல் போனது. சுழற்சிக்கு உரிய துளிப் பருமன் மட்டும் மிச்சம்.

உப்பு வாரிக்கொண்டிருந்த அப்பாவிடம் பாத்தி வரப்பில் நின்று சொன்னேன். கல்யாணப் பேச்சுக்காகக் காத்திருந்தேன். அவர் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த உப்புக் காற்றும் அந்த முகமும் இப்போதும் எனக்கு வேண்டியிருக்கின்றன.

"யாருக்கும் தெரியாது, அப்படியே விட்டிருந்தா பேரு வந்திருக்கும். நீயே இல்லன்னு சொல்லிட்ட. போ, போய்ப் படி."

சூரியன் உருண்டை என்று கண்டுபிடித்து வாழ்க்கையில் முன்னேறிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.