கிங்ஸ்பரிக்கு ஒரு கள்ளித் தொட்டி

மகனுக்குப் பெண் கேட்டுக் கிங்ஸ்பரி செல்ல, லண்டனின் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில் நிற்கிறேன். ரயில் மேலும் தாமதமாம். செந்நிறப் பூக்கள் விரிந்த பாலைவனக் கள்ளித் தொட்டியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடிக்கிறேன். வெறும் பழத்தட்டுடன் செல்வது தாவரவியல் பேராசிரியரான எனக்கு அழகன்று எனக் கருதி வாங்கியது.

"ஐயா, உதோட எங்க போறியள்?" என வினவுகிறார் அருகில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

சொல்கிறேன். "அமெரிக்காவில் இதன் தேனுக்கு ரீங்காரச் சிட்டுகள் தேடி வரும்" என்றும் சேர்க்கிறேன்.

"சிட்டு வரும். பொம்பிளை வீட்டுக்கு ஆரும் முள்ளுச்செடி கொண்டு போறதோ? வாசலுக்குள்ளயே விடமாட்டினம்."

மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுக்கிறேன். பெண்ணின் தாயார் நாளும் சகுனமும் பார்ப்பவர் என்பது நினைவுக்கு வருகிறது. ரயிலும் வந்துவிடுகிறது. தொட்டியை அவரிடமே நீட்டுகிறேன்.

அவர் இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்.

"என்ர மகளுக்கும் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை, ஐயா."