கடலூர் ரோட்டில் தலையைத் தட்டும் டிரைவர்

பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு காலேஜை விட்டுவிட்டேன். வீட்டில் இருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கடலூர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று மாமா எழுதியிருந்தார். சென்னையிலிருந்து கடலூருக்கு நேராகவே ரயில் இருக்கிறது. நான் விழுப்புரத்தில் இறங்கிப் புதுச்சேரி வண்டியில் ஏறினேன். பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷம் ஆன ஊர் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். அது ஐப்பசி மாதம். போகக் கூடாத மாதம். நீங்கள் போவதாயிருந்தால் தை பிறந்த பிறகு போங்கள்.

ஊரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. விடாத மழை. கடற்கரை ரோட்டில் ஒரு காக்கா கூட இல்லை. பெரிய பெரிய மஞ்சள் வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன, சுவரெல்லாம் பாசி. லாட்ஜில் ராத்திரிக்கு இரண்டு ரூபாய், மூட்டைப்பூச்சிக்குத் தனியாக வாங்கவில்லை. காபி நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் பதினாலு மைல். பஸ்ஸில் ஐம்பது நயா பைசா, ஒரு மணி நேரம் ஆகும். அவசரக்காரர்களுக்குப் பெரிய மார்க்கெட் பக்கத்தில் பிளஷர் கார் ஸ்டாண்டு இருக்கிறது. ஆளுக்கு ஒரு ரூபாய், ஐந்து பேர் சேர்ந்ததும் கிளம்புவார்கள், அரை மணியில் கொண்டுபோய் விடுவார்கள். காலையில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாததால் நான் ஸ்டாண்டுக்குப் போனேன். வரிசையில் முதலாவதாக நின்றது ஒரு பழைய பச்சைக் கார். அதில் ஏறப் போனபோது பின்னால் நின்ற காரின் டிரைவர் கூப்பிட்டார்.

"முசே வண்டியா? சோறு கட்டிக்கினு போ தம்பி, வழியில பசிக்கும்."

இப்படிச் சொன்னவர் சின்னப்பன். ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பச்சைக் காரின் டிரைவர் பெயர் கோவிந்தசாமி. ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குப் பல வருஷம் கார் ஓட்டியவர், அதனால் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அதிகாரி ஊருக்குக் கப்பலேறும்போது காரை இவரிடமே விற்றுவிட்டுப் போயிருக்கிறார். கிண்டலைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். முசே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து பேர் சேர அரை மணி ஆயிற்று. அதுவரை டீக்கடையில் நின்று டிரைவர்கள் பேசுவதைக் கேட்டேன். பேச்சு ஒன்றுதான்: போலீஸ் கையில் வந்திருக்கும் புதுக் கடிகாரம். ரோட்டில் இரண்டு இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்கிறார்கள். வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போது ஒரு போலீஸ்காரர் கைக்குட்டையை ஆட்டுகிறார், இரண்டாவது கோட்டில் நிற்பவர் கடிகாரத்தை அமுக்குகிறார். முப்பது மைலுக்கு மேல் என்று கணக்கு வந்தால் அபராதம், லைசென்ஸிலும் எழுதிவிடுவார்கள். மூன்று தடவை எழுதினால் லைசென்ஸ் போய்விடும்.

சின்னப்பனுக்கு ஏற்கெனவே இரண்டு எழுத்து விழுந்திருந்தது. முதலாளி ஒரு நாளைக்கு நாலு நடை கேட்கிறார், போலீஸ் முப்பது மைலில் போகச் சொல்கிறது, இரண்டு பேரும் ஒருநாள் என் வண்டியில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். ஒரு லாரிக்காரருக்குக் கோபம் கடிகாரத்தின் மேல் இல்லை, பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதன் மேல்தான். திருடன்தானே ஒளிய வேண்டும் என்று கேட்டார். இன்னொருவர், வேகத்தால் யாரும் சாவதில்லை, விளக்கில்லாத மாட்டு வண்டியால்தான் சாகிறார்கள் என்று அடித்துச் சொன்னார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. நடந்து போகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்போது எனக்கும் அது தோன்றவில்லை.

போலீஸிடமிருந்து தப்ப அவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். இங்கே போலீஸுக்குச் சிவப்புத் தொப்பி. எதிரே வரும் டிரைவர் தன் தலையைத் தட்டிக் காட்டினால் முன்னால் தொப்பி நிற்கிறது என்று பொருள். கையை விரித்து ஆட்டினால் ரோடு காலி, அமுக்கு. பஸ், லாரி, கார் என்று யாராயிருந்தாலும் காட்டியாக வேண்டும். சொந்தத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட இதைக் காட்டாமல் போகமாட்டான் என்றார் சின்னப்பன்.

கிளம்பினோம். நான் முன் சீட்டில். பின்னால் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவும் மூன்று ஆண்களும். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், சுண்ணாம்பாற்றுப் பாலம் எல்லாம் தாண்டியும் முள் இருபத்தைந்தை விட்டு நகரவில்லை. ஒரு பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது.

"ஏம்ப்பா, எறங்கித் தள்ளணும்னா சொல்லு. தள்ளுறோம்" என்றார் கருவாட்டு அம்மா.

தவளக்குப்பம் கடைவீதியைத் தாண்டி அரை மைல் போனால் ரோட்டின் குறுக்கே ஒரு மதகு வருகிறது. இரண்டு பக்கமும் வயல். அறுப்புக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் அங்கேதான் ரோட்டைக் கடக்கிறார்கள், வேறு வழி கிடையாது. மதகைத் தாண்டியதும் எதிரே ஒரு லாரி வந்தது. முசே தலையைத் தட்டினார். லாரி உடனே தணிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மதகில் தொப்பியும் இல்லை, சுண்ணாம்புக் கோடும் இல்லை. புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஒரு பஸ் வந்தது. அதற்கும் தட்டினார்.

கடலூரில் கிட்டங்கிக்காரர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கே வந்துவிடு என்றார். சம்பளத்தைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெட்டி லாட்ஜில் இருந்ததால் சாயங்காலம் திரும்பிப் போக வேண்டியிருந்தது. கடலூர் ஸ்டாண்டில் நின்றிருந்ததும் அதே பச்சைக் கார்தான். பின்னால் நாலு பேர், ஏறியதும் தூங்கிவிட்டார்கள். மதகு நெருங்கும்போது முசேயிடம் கேட்டேன், காலையில் இல்லாத போலீஸை ஏன் காட்டினீர்கள் என்று. அவர் வேகத்தைக் குறைத்து மதகைத் தாண்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆடி மாசம், இதே எடம். எதுத்தாப்புல ஒரு லாரி வந்துச்சி. தொப்பி இல்ல, நான் கைய விரிச்சி ஆட்டுனேன். அவன் அமுக்கிட்டான். கண்ணாடியில பார்க்குறேன், புல்லுக்கட்டு மட்டும் ரோட்டுல கெடக்குது."

"நீங்க இடிக்கலியே அண்ணே."

"போன்னு சொன்னது என் கைதான தம்பி."

அந்தப் பெண் தவளக்குப்பத்துக்காரி. லாரி நிற்கவில்லை. முசே நின்றிருக்கிறார்.

ஸ்டாண்டில் இறங்கும்போதே தெரிந்தது, எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று. காலையில் பனைமரத்தைத் திட்டிய லாரிக்காரரும் இருந்தார். அன்றைக்கு முசேயை எதிரே பார்த்து இரண்டு தடவை தணிந்திருக்கிறார், இரண்டு தடவையும் தொப்பி இல்லை. சின்னப்பன் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"முசே, இன்னிக்கி மதகுல தொப்பி இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குத் தலையத் தட்டுன?"

"தட்டுனாத்தான் மெதுவாப் போறீங்க. பொம்பளைங்க தாண்டுற எடம் சின்னப்பா."

"நாளைக்கி நெசமாவே தொப்பி நின்னா எவன் நம்புவான்? எனக்கு ரெண்டு எழுதியாச்சி. மூணாவது எழுதுனா என் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?"

நியாயமான கேள்விதான். இனிமேல் இருப்பதை மட்டும் காட்டுவதாகச் சொல், இல்லையென்றால் இந்த ஸ்டாண்டு உனக்கு இல்லை என்றார் லாரிக்காரர். முசே காரின் கதவைச் சாத்தினார்.

"நான் நிறுத்த மாட்டேன்" என்றார்.

அடி விழப் போகிறது என்று நினைத்தேன். சின்னப்பன் லாரிக்காரரின் தோளில் கை போட்டு அடக்கினார். "உடு. அவரு தட்டட்டும். நல்லாத் தட்டட்டும்" என்றார். முசே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகு டீ குடித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டார்கள். இனித் தொப்பிக்கு அடையாளம் காதை இழுப்பது. தலையைத் தட்டினால் ஒன்றுமில்லை. பஸ்காரர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் அன்று ராத்திரியே சொல்லி அனுப்பினார்கள். முசேக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பெட்டியோடு சின்னப்பன் காரில் ஏறினேன். வரிசையில் அடுத்தது அதுதான். நல்ல மனுஷர், என் பெட்டியைத் தானே தூக்கி மேலே கட்டினார். தவளக்குப்பம் தாண்டியதும் எதிரே பச்சைக் கார் வந்தது, முதல் நடை முடிந்து திரும்பும் வண்டி. முசே தலையைத் தட்டினார். எங்கள் வண்டியின் முள் ஐம்பதைத் தொட்டது.

"கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்றேன். "ஆளுங்க தாண்டுவாங்க."

"காதையா இழுத்தாரு?"

முசே கையை வெளியே நீட்டி மறுபடி தட்டினார். நாங்கள் தணியவில்லை என்று தெரிந்ததும் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தாண்டியபோதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. மதகில் மூன்று பெண்கள். ஒருத்தி தாண்டிவிட்டாள், ஒருத்தி பின்வாங்கினாள், நடுவில் இருந்தவள் புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் நின்ற வயலில் குதித்தாள். எங்கள் சக்கரம் அந்தக் கட்டின் மேல் ஏறி இறங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பளவு சேற்றில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பார்த்தியா தம்பி, ஒண்ணும் ஆவல" என்றார் சின்னப்பன். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் இரண்டு தடவை பார்த்தார்.

கிருமாம்பாக்கத்துக்கு முன்னால் எதிரே வந்த பஸ் டிரைவர் காதை இழுத்தார். சின்னப்பன் பிரேக்கைப் போட்டு இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தார். சவுக்குத் தோப்பு ஓரம் இரண்டு சிவப்புத் தொப்பிகள் கடிகாரத்தோடு நின்றார்கள். அந்த இடத்தில் வீடு இல்லை, வயல் இல்லை, ரோட்டைத் தாண்ட ஒரு ஆடு கூட இல்லை. அங்கே ஊர்ந்து போனோம். சின்னப்பன் அவர்களுக்கு ஒரு சலாம் வைத்தார்.

இப்போது கடலூரில் கணக்கு எழுதுகிறேன். மாதம் ஒரு தடவை புதுச்சேரிக்குப் போய் வருகிறேன். காதை இழுக்கும் அடையாளம் முசேக்கும் தெரிந்துவிட்டது என்று ஸ்டாண்டில் சொன்னார்கள், அவரும் அதையே செய்யத் தொடங்கியதால் வேறொன்றுக்கு மாற்றிவிட்டார்களாம். அது என்ன என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். முசே வண்டியில் ஆள் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடைசித் தடவை நான் ஏறியபோது மூன்று பேரோடு கிளம்பினோம்.

போகிறவர்களுக்கு: சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பெட்டியை மேலே கட்ட விடாதீர்கள், நனைந்துவிடும். நேரம் இருந்தால் பச்சைக் காரில் ஏறுங்கள், கால் மணி கூடுதலாகும், எதிரே வருகிறவர்கள் சிரிப்பார்கள். தவளக்குப்பம் மதகுப் பக்கம் இறங்கி நடக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. தூரத்தில் ஒரு வண்டி வருவது தெரிந்தால், உங்களைப் பார்த்து அது தணியும் என்று நினைத்துக் காலை எடுத்து வைக்காதீர்கள். தணியாது.