குறைகள் என்ற கட்டம்

விழிதியூரில் காசியம்மா குடியிருக்கும் தெருவில் கைபம்புத் தண்ணீர் கரிக்கத் தொடங்கி நான்கு வருடமாகிறது. பக்கத்து ஆலை தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுத்தது. எட்டு மாதம் ஓடியது. மோட்டார் எரிந்ததும் பூட்டிவிட்டார்கள். களையெடுத்துப் பிழைக்கும் காசியம்மா அன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வேறொரு தெருக் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது, இனித் தூக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆலையின் ஆண்டறிக்கைக்காக வீடு வீடாகக் கேட்டு எழுதப் போனவன் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்கு முதல் வேலை. நிறுவனம் யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறதோ அவர்களைக் கேட்க வேண்டும், அவர்களுக்கு எது பெரிதோ அதுவே அறிக்கையில் முதலில் வர வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நம்பினேன்.

காசியம்மா நாற்காலி போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தார். குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல தம்பி. மொதல்ல குடிங்க."

வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்தவுடன் குறை சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. என் அம்மாவும் அப்படித்தான் தொடங்குவாள். செம்பு காலியான பிறகுதான் பேச்சு வரும். தெரிந்தும், இன்னும் பதினேழு வீடு பாக்கி என்ற அவசரத்தில் படிவத்தின் 'குறைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பேனாவை மூடும்போது அவர் மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தார். முழுவதும் கேட்டேன். அலுவலகத்தில் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

சொல்லவும் செய்தேன். மேலாளர் கிளாட்வின் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்து இருக்குல்லப்பா? இத மாத்துனா மத்ததையும் சந்தேகப்படுவாங்க."

வெளியிலிருந்து வந்த சரிபார்ப்பாளர்கள் படிவமும் அறிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துப்போனது; அந்தத் தெருவின் மற்ற படிவங்களிலும் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தேன். பழுதுபார்க்கும் நிதி, குறை எழுதிய வேறு ஊருக்குப் போனது. நான் இன்னும் ஒருமுறை வற்புறுத்தியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்தேனா, சோம்பலா, இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

போன வாரம் காசியம்மாவிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அடுத்த வருஷம் வந்து கேப்பீங்கல்ல? அப்ப மொதல்லயே சொல்லிடுறேன்."

குறையில்லை என்று பதிவான தெருவுக்கு மூன்று வருடம் கேட்டு எழுதப் போக வேண்டியதில்லை என்பது எங்கள் விதி. அதையும் சொன்னேன்.

"மூணு வருஷமா," என்றார். பிறகு, ஆறு மணிக்கு அந்தத் தூரத்துத் தெருக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று சுவரைப் பிடித்து எழுந்தார்.