ஆண்மீன் இல்லாத தொட்டி

அந்த மாடிக் குடியிருப்பில் அத்தை என்றால் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, படிக்கட்டுப் பெருக்குகிறவர் வரைக்கும் அதுவே பழகிவிட்டது. கணவர் தவறியதும் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள இடைவழியில்தான் படுக்கை.

தலைமாட்டில் மீன்தொட்டி. அண்ணன் மகள் ஆசைப்பட்டு வாங்கிய கப்பி மீன்கள். அவள் கல்யாணமாகிப் போனதும் மீன்கள் அத்தை தலையில் விழுந்தன. கப்பி முட்டையிடாது, குட்டி போடும். மாதம் தவறாது. கொஞ்சம் அசந்தால் போட்ட தாயே குட்டியைத் தின்றுவிடும். அதனால் வயிறு சதுரமாகப் புடைத்ததும் தாயைப் பிடித்து இரண்டு தட்டு டப்பாவில் விட வேண்டும். மேல்தட்டில் தாய், இடுக்கு வழியாகக் குட்டிகள் கீழ்த்தட்டுக்குத் தப்பிக்கும். திரும்பக்கூட இடமில்லாமல் தாய் முட்டிக்கொள்வதைப் பார்த்தால் அத்தைக்கே மூச்சு முட்டும். “கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி” என்று சொல்லி, அதற்காகவும் கடவுளிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள்.

அப்போதுதான் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தம்முடைய பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். “தனி ரூம்மா. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு” என்றார். அந்தத் தாழ்ப்பாளை நினைத்தே அத்தைக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. “தாராளமா போம்மா. நான் தடுப்பேனா? ஆனா வாயில்லாத ஜீவனை அம்போன்னு விட்டுட்டுப் போறது பாவம் இல்லியா? குட்டி போடுறது நிக்கட்டும், அப்புறம் போ.”

பாவம் என்ற சொல்லைத் தாண்டிப் போகிற தைரியம் அவளுக்கு இல்லை. டீச்சர் இரண்டு மாதம் பொறுப்பதாகச் சொன்னார், அதற்கு மேல் முடியாது. மறுநாளே அத்தை வண்ணவால் ஆண்மீன் ஒன்பதையும் பிடித்து மீன்கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். இனி எங்கிருந்து குட்டி வரும்?

முதல் மாதம் குட்டி வந்தது. பழைய கணக்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடியும் இருபது குட்டிகள் ஊசி ஊசியாக நீந்தின.

அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்ன நாத்தனாரே, ஆம்பளை இல்லாத வீட்ல பிரசவமா? நல்ல கூத்துதான் போ!”

அத்தை மீன்கடைக்கு ஓடினாள். கடைக்காரர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்: “ஒரு தடவை சேர்ந்தாப் போதும்மா. பொட்டை அதை வயித்துக்குள்ளயே சேத்து வச்சு அஞ்சாறு மாசம் குட்டி போடும். அன்னிக்கே உங்க அண்ணன்கிட்ட சொன்னேனே.”

“எங்கண்ணன் கேட்டாரா?”

“நீங்க மீனைக் கொடுத்துட்டுப் போன சாயங்காலமே வந்து கேட்டாரே.”

அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கடைக்காரர்கிட்ட கேட்டீங்களாமே?”

அவர் கை சோற்றிலேயே நின்றது. “நீ இல்லாட்டி இது என்ன வீடும்மா?” என்றார்.

பதினான்கு வருடமாக அப்படி ஒரு சொல்லுக்குத்தான் அவள் ஏங்கியிருந்தாள். அந்தச் சொல் வந்தபோது கதவை வெளியிலிருந்து பூட்டுகிற சத்தமாகக் கேட்டது. கண்ணில் நீர் முட்டியது. போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“பாவம்னு சொன்னீங்களேண்ணா. மீனுக்குத்தான் சொல்றீங்கன்னு நம்பிட்டேன்” என்றாள்.

அவள் அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டாள்.

“வர்றேன் டீச்சர்.” குரல் எழும்பவில்லை. “யாரு, சத்தமா பேசுங்க” என்றார் அவர். “வர்றேன்னு சொன்னேன் டீச்சர். ஒண்ணாந்தேதி காலைல.”

“அப்போ இந்த மீனுங்க?” என்றார் அண்ணன், தட்டைப் பார்த்தபடி.

“இன்னும் மூணு நாள் இருக்கே. அண்ணிக்குச் சொல்லித் தந்துட்டுப் போறேன்.”

“ஐயையோ, நானா?” என்றாள் அண்ணி.