அக்கா வீட்டுப் பக்கத்து மதில்

எதையாவது தொடங்காவிட்டால் எனக்குக் கை துறுதுறுக்கும். முடிக்கச் சொன்னால் தலை இடிக்கும். கழற்றிப் போட்ட சைக்கிள் வீட்டுப் பின்கோடிக்குள் கிடக்கிறது. சிங்களம் படிக்க வாங்கிய கொப்பியில் நாலு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது.

போன மாரியில் கிடுகு வேலி சாய்ந்ததும், அக்கா வீட்டுப் பக்கம் நானே மதில் கட்டத் தொடங்கினேன். இணுவிலில் எங்கள் இரண்டு வீட்டு வளவும் ஒட்டியவை. வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அத்தான் செத்த பிறகு தனியாக இருக்கும் அக்கா, விடிந்ததும் வீட்டுச் சட்டையோடு, தலைகூட வாரி இழுக்காமல், அந்தப் பொட்டால் வந்து எங்கள் குசினி அடுப்படியில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். மதில் அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. ஏழு மாதம் அந்த இடைவெளி அப்படியே கிடந்தது; அக்காவும் அதால் வந்துபோனார்.

"உந்த ரெண்டு முழத்தை முடிக்கேலாத ஆள், வேறை என்னத்தை வெட்டி விழுத்தப்போறியள்?" என்று வந்தவர்களுக்கு முன்னால் மனைவி சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அந்தக் கிழமை முழுக்க அக்கா கிளிநொச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் சீமெந்து குழைத்தேன்.

மனைவி ஓடிவந்தாள். "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்! மச்சாள் எதாலை வாறது? வந்துபோக ஒரு சின்னப் படலை எண்டாலும் விடுங்கோவன்."

"ரோட்டாலை வரட்டும், கால் தேஞ்சு போகுமோ? முடிக்கிற நேரத்திலை குறுக்கை நிண்டு கதையாதையும்!"

மூன்றாம் நாள் பூசியும் முடித்தேன். பொய் சொல்லமாட்டேன், சந்தோசமாகத்தான் இருந்தது. நாலு தரம் போய்த் தடவிப் பார்த்தேன்.

ஞாயிறு காலை ரோட்டுப் படலையில் "வீட்டுக்காரர்!" என்று குரல் கேட்டது. அக்கா! ரோட்டால் வருவதென்றால் சும்மா வரலாமா? சீலை உடுத்து, தலை இழுத்து, கையில் பிஸ்கட் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். குசினிப் பக்கம் போகாமல் விறாந்தைக் கதிரையில் இருந்தார். மனைவி தேத்தண்ணியைத் தட்டத்தில் வைத்துக் கொடுத்தாள். எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வடிவாய், நேராய்க் கட்டியிருக்கிறாய்," என்றார் அக்கா.

"நாளைக்கே இடிச்சு ஒரு படலை வைச்சுவிடுறன் அக்கா."

"சும்மா இரு. இடிச்சுப்போட்டு அதையும் அரைகுறையாய் விட்டிடுவாய்." சிரித்தார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ கட்டத் தொடங்கேக்கை எனக்குப் பக்கெண்டது, தம்பி. பிறகு, இவன் எங்கை முடிக்கப்போறான் எண்டு நிம்மதியாய் இருந்திட்டன்."